மூடியின் உட்பக்கம்

என் கடைச் சுவரில் ஒரு டிவியின் பின்மூடி தொங்குகிறது. வெளிப்பக்கம் சுவரைப் பார்க்க, உட்பக்கம் ஆட்களைப் பார்க்க, நாலு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். வெயில் ஏற ஏற அதிலிருந்து காய்ந்த பஞ்சுத் தூசியும் வெந்த பிளாஸ்டிக்கும் கலந்த வாடை வருகிறது. அருப்புக்கோட்டையில் எந்த டிவியைத் திறந்தாலும் வருகிற வாடைதான். ஆனால் இந்த மூடியிலிருந்து வருகிறபோது உன் முகமும் கூடவே வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். "என்னண்ணே, ஓட்டைப் பிளாஸ்டிக்கைப் படம் மாதிரி மாட்டி வச்சிருக்கீக?" நான் பதில் சொல்வதில்லை. சொல்ல முடியாமல் உன் வீட்டிலிருந்தே என் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ செத்து நாற்பது நாள் ஆகப் போகிறது. எதிர்ச்சாரியில் உன் கடை ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. அதன்மேல் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வெளுத்துப் போய், உன் சட்டையின் நீலம் மட்டும் மிச்சமிருக்கிறது. நம் பாளையம்பட்டித் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து அடித்தது. என்னைக் கேட்காமலே அதில் என் பேரையும் போட்டுவிட்டார்கள், 'ஆருயிர் நண்பன் முத்துராசு' என்று. ஒன்பது வருடமாக நீயும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்பது இந்தத் தெருவில் டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் போட்டார்கள். காலையில் கடை திறக்கிறபோதெல்லாம் நான் உன் ஆருயிர் நண்பனாக இருக்க வேண்டியிருக்கிறது.

கருமாதியில் உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. என்னிடம் நாலு இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றுதான் தேறியது: உனக்கு வேலை தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சலே. தெரியாதவனாக இருந்திருந்தால் உன்னை என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடை போட்ட காலத்தை நினைத்துப் பார். குண்டு டிவி எல்லாம் பரணுக்கு ஏறி, வீட்டுக்கு வீடு சுவரில் தட்டை டிவி தொங்க ஆரம்பித்திருந்தது. சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்று ஒருவர் தூக்கிக்கொண்டு வருவார். நீ கடை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடிப்பாய். உற்றுப் பார்த்தால் உள்ளே ஆட்கள் மங்கலாக நடமாடிக்கொண்டிருப்பார்கள். படம் இருக்கிறது, திரைக்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குப் பட்டைதான் எரியவில்லை என்று அர்த்தம். பட்டையை மாற்றினால் டிவி பிழைத்துக்கொள்ளும். அந்த நிழலை என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறவன் நீ.

கண்டுபிடித்த கையோடு டார்ச்சை அணைப்பாய். எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாய். "பேனல் போச்சுண்ணே" என்பாய். பேனல் என்றால் அந்தக் கண்ணாடித் திரை. அது போனால் டிவியே போன மாதிரி. வந்தவர் பாவம், இனி இதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என்ன செய்ய என்று நம்மிடமே விட்டுவிட்டுப் போவார். மறுவாரம் அதே டிவி திருச்சுழிப் பக்கம் எவர் வீட்டிலோ பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அது என் குற்றம். அதற்கும் உன்மேல் பழி போட மாட்டேன்.

உன் வேலை வேகம். என் வேலை மந்தம். போர்டு கோளாறு என்று வந்தால் நீ தலைமுடி காயவைக்கிற மெஷினை எடுத்து நாலு நிமிடம் சூடு காட்டி அனுப்பிவிடுவாய். டிவி ஓடும், ரெண்டு வாரம். நான் போர்டில் எந்தப் பாகத்தின் காலில் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது என்று லென்ஸ் வைத்துத் தேடிக்கொண்டிருப்பேன். "ஏலே, டிவியைத்தான் பாக்குற, பொண்ணா பாக்குற?" என்று நீ கேட்டு, கடைக்கு வந்தவர்களையும் சேர்த்துச் சிரிக்க வைப்பாய். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

எனக்கு ஒரு பழக்கம். எந்த டிவியைத் திறந்தாலும், வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் வைப்பேன். இந்தத் தேதியில் என் கை இதில் பட்டது என்று பின்னால் திறக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். நீ ஒருநாளும் எதிலும் குறி வைத்ததில்லை. "மூடிக்குள்ள எழுதி என்னலே பிரயோசனம்? எவன் பாக்கப் போறான்?" என்பாய்.

எவன் பார்த்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். நீதான் பார்த்தாய்.

பாண்டியம்மா அக்கா வீட்டு டிவி. தறி ஓட்டுகிற வீடு. கூடத்துக்கும் தறிக் கொட்டகைக்கும் நடுவே ஒரே சுவர், அந்தச் சுவரில்தான் டிவியை மாட்டியிருந்தார்கள். தறி ஓடும்போது அதில் கை வைத்தால் உள்ளங்கை கூசும். விளக்குப் பட்டையில் ஒவ்வொரு சின்ன பல்புக்கு மேலும் ஒரு பொத்தான் அளவு லென்ஸ் ஒட்டியிருக்கும், வெளிச்சத்தைப் பரப்புவதற்கு. வருடக் கணக்கில் சுவர் அதிர்ந்து அதிர்ந்து அந்த லென்ஸ் எல்லாம் உதிர்ந்து அடியில் கிடந்தன. லென்ஸ் போன இடமெல்லாம் திரையில் வெள்ளை வட்டம். "தம்பி, நாடகத்துல வாரவுக மூஞ்சியெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்குய்யா" என்றார் அக்கா. தறிக்காரர்கள் வீட்டில் மட்டும் அடிக்கடி வருகிற நோய் இது.

நான் போய் மூடியைத் திறந்தேன். உள்ளே குலுக்கிப் பார்த்ததில் லென்ஸ் உருளும் சத்தம் கேட்டது. வேறெதையும் தொடவில்லை. "கடைக்குக் கொண்டாந்துருங்கக்கா. கண்ணாடியைத் தூக்க ரெண்டு ஆளு வேணும், இங்கன வச்சுப் பிரிக்கக் கூடாது. திருப்பி மாட்டுறப்ப இந்தச் சுவத்துல மாட்டாதீக" என்று சொல்லி, வழக்கம்போலத் தேதி போட்டு, வட்டம் புள்ளி வைத்து, மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் விருதுநகருக்கு உதிரிப் பாகம் வாங்கப் போனேன். அந்த நேரம் பார்த்து அவர்கள் போன் செய்ய, நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். கடைக்குக் கொண்டுவரச் சொல்லி நான் சொன்னதை அவர்களே சொல்லியும், அரை மணி நேர வேலை என்று அவர்கள் கூடத்திலேயே பிரித்தாய். கண்ணாடி அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். லென்ஸை ஒட்டிவிட்டுத் திருப்பி வைக்கையில் அதை ஒற்றை ஆளாகத் தூக்கினாய். மூலையில் விரிசல் விழுந்துவிட்டது. அவர்கள் தறியில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை; நான் வந்துபோனதிலிருந்து டிவியையும் போட்டிருக்கவில்லை.

அடுத்து நீ செய்தது இது. மூடியை அவர்களுக்குத் திருப்பிக் காட்டினாய். "பாருங்கக்கா, நேத்துத் தேதி. வட்டத்துக்குள்ள புள்ளி, முத்துராசு குறி. அவன் திறந்ததுல ஒடைஞ்சிருக்கு. நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றாய்.

நான் பஸ் இறங்கி வருகிறேன், கடை வாசலில் பாண்டியம்மா அக்கா நிற்கிறார். கையில் நூல் பிசிறு, தறியை அப்படியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். "பாத்தியா, ஒடச்சியா? ஒடச்சுப்புட்டு, சுவத்துல மாட்டாதீகன்னு எங்களுக்குப் புத்தி வேற சொல்லிட்டுப் போனியே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மனுசன்னு விட்டுருப்பேன்ல!" டீக்கடையிலிருந்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ கையில் டீ கிளாஸோடு தூணில் சாய்ந்திருந்தாய்.

"என்னலே இது? சொல்லுலே" என்றேன்.

"ஏலே விடு. அக்கா கோவத்துல பேசுறாக. கை தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான். நம்ம கடையில இருந்தே வேற ஒண்ணு பாத்துக் குடுத்துருவோம்" என்றாய்.

பெருந்தன்மை! அந்த ஒற்றைப் பேச்சில் நான் உடைத்தவனாகவும் நீ என்னைக் காப்பாற்றுகிறவனாகவும் ஆகிவிட்டோம். கூட்டத்தில் ஒருவர் உன் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

சாயங்காலம் அந்த டிவி கடைக்கு வந்தது. பிரித்தேன். உதிர்ந்த லென்ஸ் எல்லாம் சட்டென ஒட்டுகிற பசையால் ஒட்டப்பட்டு, அந்தப் பசையின் ஆவி பட்டு வெள்ளை பூத்திருந்தது. நான் அந்தப் பசையைத் தொட மாட்டேன் என்று உனக்குத் தெரியும். உன் எதிரில் அதை நீட்டினேன். நீ மறுக்கவே இல்லை. "ஆமா, வழுக்கிருச்சு. இப்ப என்னங்கிற? ஊரு ஊராப் போயி ஆள் பிடிக்கிறவன் நான். என் பேரு கெட்டா கடை பேரு கெடும். நீ உள்ளயே உக்காந்து வேலை பாக்குறவன். உனக்கெதுக்குலே பேரு?" என்றாய்.

உனக்கெதுக்குலே பேரு. நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் நான் என் ஸ்டூலையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு வந்துவிட்டேன்.

பேரு எதற்கு என்று கேட்டாயே, பேரு வந்தது. பேனல்போச்சு. நீ சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, என் தலையில் வந்து விழுந்தது. "பேனல்போச்சு கடைக்கா போற? தொட்டா ஒடச்சுருவான்." பாலவனத்தம் வரைக்கும் அந்தப் பேர் போனது. நானும் உண்மையைச் சொல்லித்தான் பார்த்தேன். மூடிக்குள்ளே உன் குறிதானே இருக்கு என்றார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பேனல்போச்சு நீங்கதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அன்றைக்கு நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் நான் திறந்த எல்லா டிவியிலும் குறி வைத்தேன். வீம்புக்குத்தான் வைத்தேன்.

இனி இந்த மூடியின் கதை.

முந்தாநாள் காலை ஒரு ஆட்டோ வந்து நின்றது. உன் மனைவி இறங்கினார். டிவியைப் போர்வையில் சுற்றி, படுக்க வைக்காமல் நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தொழில் தெரிந்த வீட்டு ஆள். கழுத்தும் காதும் வெறுமையாக அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கருமாதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

"சத்தம் வருதுண்ணே, படம் வரல. டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஆளு தெரியுது. பட்டைதான் போயிருக்கும்" என்றார்.

உன் வீட்டில் உன்னிடமிருந்து உண்மையைக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான் போல.

டிவியைக் குப்புறப் போட்டேன். திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கித் திருப்பினேன். உட்பக்கத்தில் ஒரு தேதி. நாம் பிரிந்து மூன்று வருடம் கழித்து வந்த ஒரு ஆடி மாதத்துத் தேதி. பக்கத்தில் வட்டம். வட்டத்துக்குள் புள்ளி.

என் கையெழுத்து. என் குறி. உன் வீட்டு டிவியில்.

தேதியை இன்னொரு தடவை படித்தேன். பிறகு நினைவு வந்தது. பாலவனத்தத்திலிருந்து ஒரு லோடு ஆட்டோக்காரர் கொண்டுவந்த டிவி இது. "எங்க வீட்டு டிவிண்ணே, மெதுவாவே பாருங்க, அவசரமில்ல" என்றார். லென்ஸ் உதிர்ந்திருந்தது. ரெண்டு டியூப் கலந்து ஒட்டுகிற பசை, காய ஒருநாள் ஆகும். ஒவ்வொன்றாக ஒட்டிக் காயவைத்துக் கொடுத்தேன். மெதுவாகப் பார்க்கச் சொல்கிற ஆளும் உலகத்தில் இருக்கிறாரே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இது என்கிட்ட வந்த டிவிம்மா" என்றேன்.

உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாண்ணே. அவுகதான் ஆட்டோக்காரர்ட்டச் சொல்லி, பாலவனத்தம்னு சொல்லிக் குடுன்னு அனுப்புனாக. நீங்களே பாக்க வேண்டியதுதானன்னு கேட்டேன். 'நம்ம வீட்டு டிவியில என்னால விளையாட முடியாது, முறையாச் செய்யுறவன் இந்த ஊருல அவன் ஒருத்தன்தான்'னாக."

கேட்டாயா? நீ சொன்னதுதான். என்னைப் பேனல்போச்சு என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் நீயும் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உன் வீட்டுக்குள்ளே நீ சொன்னது. என் வாழ்நாளில் யாரும் என் வேலையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. அதைச் சொன்னவன் நீயாக இருந்து, அதையும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கிறாய். திட்டுவதானால் நடுத்தெருவில், மெச்சுவதானால் அடுப்படியில். என்ன மனுசன் நீ?

வேலையைத் தொடர்ந்தேன். கண்ணாடியைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தாள். "நான் பிடிக்கிறேண்ணே" என்று உன் மனைவி எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு மூலையையும் உள்ளங்கையால் தாங்கி, நான் 'ம்' என்றதும் ஒரே சீராகத் தூக்கினார். கண்ணாடி அசையவில்லை. ரெண்டு ஆள் பிடித்தால் அது உடையாது. அந்த ஒரு நாள் நீ விருதுநகர் பஸ் வருகிற வரைக்கும் பொறுத்திருக்கலாம்.

உள்ளே நான் ஒட்டிய லென்ஸ் ஒன்றுகூட உதிரவில்லை. பல்புதான் ஒன்று செத்து, அந்தப் பட்டையே இருண்டு கிடந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை வரிசையாகப் போகும் என்று எல்லாப் பட்டையையும் மாற்றினேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், ஆயுள் கூடும். உன் வீட்டு டிவி என்பதற்காகக் கூட்டியும் செய்யவில்லை, குறைத்தும் செய்யவில்லை. படம் வந்தது.

அப்போதுதான் கேட்டேன். "அவன் வீட்டுல சொன்னதை நாலு பேரு முன்னாடி சொல்லுவீகளாம்மா? நாலு பேரு வேண்டாம். பாண்டியம்மா அக்காட்ட மட்டும் சொன்னாப் போதும். கண்ணாடியை ஒடச்சது நானில்லன்னு."

அவர் டிவி சுற்றி வந்த போர்வையை எடுத்து மடித்தார். உனக்குத் தெரிந்த உண்மை எல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தது. "செத்த மனுசனைப் பொய்யன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீகளாண்ணே?" என்றார். "பிள்ளைக இந்த ஊருலதான நடமாடணும்."

என் மகளும் இந்த ஊரில்தான் நடமாடினாள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

கடைக்குப் பின்னால் கண்ணாடி நொறுங்கிய டிவி ஒன்று கிடக்கிறது. இதே கம்பெனி, இதே அளவு. அதன் மூடியைத் துடைத்து எடுத்து வந்து, "இதைப் போட்டு விடுறேம்மா. பழைய மூடிய எனக்குக் குடுத்துருங்க" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மூடியின் உட்பக்கத்தை ஒருமுறை பார்த்தார், வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எடுத்துக்கங்கண்ணே. சுவத்துல வேணாலும் மாட்டிக்கங்க. அவுக பேரை மட்டும் எங்கயும் சொல்லிராதீக. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அவர் ஆட்டோவில் டிவியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனார். புது மூடியின் உட்பக்கத்தில் அன்றைய தேதியும் வட்டமும் புள்ளியும் இருக்கின்றன.

பாண்டியம்மா அக்கா நேற்று இந்த வழியாகப் போனார். பூ வாங்க நின்றவர், திறந்திருந்த என் கடைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரிலிருந்த மூடி அவர் கண்ணில் பட்டது. அந்த வட்டமும் புள்ளியும் அவருக்கு மறந்திருக்காது. "அது யாரு வீட்டு டிவி மூடி?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை. ஒரே ஒரு பேர். அதைச் சொல்லி, உன் வீட்டு டிவியையே நீ என்னை நம்பிக் கொடுத்தாய் என்று தெரிந்திருந்தால் என் பேர் எனக்குத் திரும்பி வந்திருக்கும். தொண்டை வரைக்கும் வந்த உன் பேரை விழுங்கிக்கொண்டு, "என் வேலைக்கா அது" என்றேன். அவர் பூவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உனக்காக விழுங்கினேன் என்று நினைத்துவிடாதே. கண்ணாடியைச் சரியாகப் பிடித்த அந்தக் கைகளுக்காக. உன்மேல் இருக்கிற கோபம் ஒரு திருகுகூடத் தளரவில்லை. இத்தனை பக்கம் உன்னைத் திட்டி எழுதியும், எங்கேயும் உன் பேரை நான் எழுதவில்லை, பார்த்தாயா? எனக்கு எதற்குப் பேர் என்று கேட்டாய். இப்போது உன் பேரையும் சேர்த்து நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.